பள்ளி மணி அடித்த பிறகு

குழந்தைகளுக்கு நிரலாக்கம் எதற்கு, விருப்பமிருந்தால் பள்ளி முடிந்து கற்கட்டுமே என்கிறார்கள். பள்ளி முடிந்ததும் மகனுக்கு மாலைப்பொழுது வாய்க்கிறது. மகளுக்குப் பாத்திரமும் தண்ணீர்க்குடமும் காத்திருக்கின்றன. இதில் விருப்பம் யாருடையது?

1946இல் எனியாக் கணினியின் முதல் நிரலாளர்கள் ஆறு பேரும் பெண்கள். எழுத்தர் வேலையென்று கருதப்பட்டவரை அது பெண்களிடம் இருந்தது. பணமும் மதிப்பும் சேர்ந்ததும் ஆண்களுடையதானது. 1980களில் அமெரிக்க வீடுகளுக்குள் வந்த கணினி பெரும்பாலும் மகனின் அறைக்கே போனது. அங்கே கணினி அறிவியல் பட்டதாரிகளில் 1984இல் 37 விழுக்காடாக இருந்த பெண்கள், 2010 வாக்கில் அதில் பாதியானார்கள்.

வீட்டை நம்பிப் பயனில்லை. பாடவேளைக்குள், எல்லாருக்கும், கட்டாயமாகக் கற்பியுங்கள். இருவருக்கு ஒரு கணினிதான் என்றால், மவுஸ் முதலில் அவள் கையில் இருக்கட்டும்.