சுவிட்ச் மட்டும் போயிருக்கலாம்!

திருச்சுழி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "முதுகுவலி, குனிஞ்சு பெருக்க முடியலைனு மகன் கார்ட்லெஸ் வாக்குவம் கிளீனர் வாங்கி அனுப்பினான். ரெண்டு வருஷம்தான் ஆச்சு. இப்ப பத்து தடவை அழுத்தினா ஒரு தடவை ஓடுது. ரிப்பேர் செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்ங்கிறாங்க. தூக்கிப் போட்டுடவா?"

அவசரப்படாதீங்கம்மா. ஒரு தடவையாவது நன்றாக ஓடுகிறது என்றால் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. முதல் சந்தேகம் சுவிட்ச் மேல்தான்.

உங்கள் ஊர் கரிசல் மண் கோடையில் மாவாகப் பறக்கும். அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிற வீடுகளில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். விரல் படுகிற பட்டனின் இடுக்கு வழியாக அது உள்ளே போய், சுவிட்சின் செம்புத் தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடும். அப்புறம் அழுத்தினாலும் தொடாது, தொட்டாலும் பொறி பறந்து கரி பிடிக்கும். சிலர் இதற்குத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். வேண்டவே வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும்!

பிரிப்பதற்கு முன் இரண்டு சோதனைகள். முழுதாக சார்ஜ் போட்டுப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். அது அடைத்தாலே பல மாடல்கள் தானாக நின்றுவிடும். கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். வாரன்ட்டி இருந்தால் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.

இதற்கும் சரியாகவில்லை என்றால், மிக்ஸி ரிப்பேர் கடைக்காரரே போதும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்ற முடியாத மாடல் என்றால் வீட்டில் முயல வேண்டாம். லித்தியம் பேட்டரியின் இரண்டு முனையும் ஸ்க்ரூடிரைவரில் பட்டால் தீப்பிடிக்கலாம். ஒயர் எது எங்கே என்று பிரித்ததும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல மெஷின்களில் உள்ளே இருப்பது விரல் நகம் அளவு மைக்ரோ சுவிட்ச். மைக்ரோவேவ் அவன் கதவிலும் இதன் உறவுக்காரர்தான் இருக்கிறார். அதன் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் 'பீப்' வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் அதுதான் குற்றவாளி. சுவிட்ச் நல்லதாக இருந்து, அதை அழுத்துகிற பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருப்பதும் உண்டு.

புதிய சுவிட்ச் வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். '250 வோல்ட் ஏ.சி.' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பக்கூடாது. ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். பேட்டரியின் டி.சி. அப்படி இல்லை, பொறி நீடித்துத் தகட்டைத் தின்னும். 22 வோல்ட்டில் 150 வாட் மோட்டார் என்றால் சுமார் 7 ஆம்பியர். சுவிட்சுக்கு வருகிற ஒயர் தடிமனாக இருந்தால் மொத்த மின்சாரமும் அதன் வழியாகத்தான் போகிறது. அதைத் தாங்கும் டி.சி. அளவு உள்ள சுவிட்ச்தான் வேண்டும். மெல்லிய ஒயர் என்றால் அநேகமாக சர்க்யூட் போர்டுக்கு சிக்னல் மட்டும் போகும், அங்கே சின்ன சுவிட்சே போதும். சால்டரிங் முனையை மூன்று விநாடிக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது, பிளாஸ்டிக் உருகிவிடும்.

உதிரிபாகம் கிடைக்கவில்லையா? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் கம்பெனி அதில் இருக்கிறதா என்று மகனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பில்லையும் மாடல் எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் பெரும்பாலும் மெஷினின் அடியிலோ, பேட்டரி கழற்றும் இடத்திலோ பொடி எழுத்தில் இருக்கும்.