வேலி போட்டால் போதுமா?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரிகான் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே பசிபிக் கடலைப் பார்த்தபடி உயரமான மேடுகள் உண்டு. மேட்டின்மேல் புல்வெளி. அந்தப் புல்லுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பூ பூக்கிறது. அதன் பெயர் நீல வயலெட்.

செடி பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். ஆண்டுதோறும் விதைக்க வேண்டாம். வேர் உயிரோடிருந்து மறுபடியும் தழைக்கும்.

இந்தச் சிறு செடியை நம்பி ஒரு வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. அதன் இறகின் அடியில் வெள்ளிப் பொட்டுகள் மின்னும். கோடையின் கடைசியில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு, இலை தின்னாமலே குளிர்காலம் முழுவதும் உறங்கும். வசந்தத்தில் பசியோடு விழிக்கும். அப்போது அது தேடுவது வயலெட் இலையைத்தான்!

விருந்தும் அடுப்பும்

1980-ல் அமெரிக்க அரசு இந்தப் பூச்சிக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. 1999-ல் போர்ட்லந்து நகர மிருகக்காட்சி சாலை, புழுக்களை வளர்த்துப் புல்வெளியில் விடும் வேலையைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் விட்ட இடத்தில் வயலெட் இல்லாவிட்டால்? விருந்தாளியை அழைத்துவிட்டு அடுப்பை அணைத்த கதைதான்!

செடி ஏன் குறைந்தது?

கடலோரத்தில் வீடுகளும் சாலைகளும் வந்தன. வேற்று நாட்டுப் புல் வந்து உயரமாக மண்டியது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் முன்பு அவ்வப்போது புல்லுக்குத் தீ வைப்பார்கள். அதனால் புதர் அண்டாது. பின்னால் குடியேறியவர்கள் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். புதரும் மரமும் ஏறின. வெயில் கிடைக்காமல் வயலெட் நலிந்தது.

“மனிதன் கை வைக்காமல் இருந்தால் போதும், இயற்கை பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்பவர்கள் உண்டு. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. வேலி போட்டுவிட்டுக் களை எடுக்காத வயல் விளையுமா? நம் ஊர் உழவரைக் கேட்டால் சொல்வார்.

அந்தப் புல்வெளிக்கும் மனிதன் கை வேண்டும். புல்லை வெட்ட வேண்டும். வயலெட் நாற்று நட வேண்டும். பக்குவமாகத் தீயும் வைக்க வேண்டும். தீயில் புழுவும் சாகுமே என்று கேட்கலாம். நியாயமான பயம். அதனால்தான் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொளுத்தாமல், இந்த ஆண்டு ஒரு பகுதி, அடுத்த ஆண்டு வேறு பகுதி என்று செய்ய வேண்டும்.

இதற்குச் செலவு உண்டு, ஓய்வும் கிடையாது. ஆனாலும் அழகான பூச்சிக்குச் செய்யும் செலவில், அதற்குச் சோறு போடும் செடிக்கே முதல் பங்கு. அந்தச் செடி பிழைத்தால்தான் பூச்சி பறக்கும்.