சிறை செல்லாத விடுதலைப் பணி

திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை, புத்தூரைக் கடந்து திருத்தணியை அடைகிறது. கல்யாண வேங்கடேசுவரர் கோயிலால் புகழ்பெற்ற நாராயணவனம் புத்தூருக்கு அருகில் உள்ளது. இன்று நாராயணவனம் ஆந்திரப் பிரதேசத்திலும் திருத்தணி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. 1960 ஆம் ஆண்டுக்கு முன் இரண்டும் ஒரே சித்தூர் மாவட்டத்து ஊர்களாக இருந்தன.

அத்திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று, தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். திருப்பதியிலும் வேலூரிலும் பயின்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் கற்றார். அவருடைய பிறந்தநாளையே நாம் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

எனினும், அவரை விடுதலைக்கு உழைத்தவர் எனக் கூறலாமா என்று சிலர் வினவுவர். அவர் மறியல் செய்யவில்லை, சிறை செல்லவில்லை, 1931 இல் ஆங்கில அரசு அளித்த 'சர்' பட்டத்தையும் ஏற்றார். இவையனைத்தும் உண்மையே. ஆயினும், விடுதலை வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு என்பதே சரியான கருத்தாகும்.

அடிமைத்தனம் உடலை மட்டும் பிணிப்பதன்று. 'நம் முன்னோரிடம் சிந்தனை இல்லை' என்று மனத்தையும் நம்பச் செய்வது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மேனாட்டார் குறைகூறிய காலத்தில், இருபது வயது மாணவராகிய இராதாகிருஷ்ணன் அதனை மறுத்து 1908 இல் ஆய்வுரை எழுதினார். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, இந்தியத் தத்துவத்தை உலகினர்க்கு எடுத்துரைத்தார்.

சித்தூர் மண்ணின் மற்றொரு கல்வியாளர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அவர், அரசின் அடக்குமுறையைக் கண்டித்து 1930 இல் பதவி துறந்தார். அவ்விருக்கையில் அடுத்து அமர்ந்தவர் இராதாகிருஷ்ணன். ஒருவர் துறந்த பதவியை மற்றவர் ஏற்றது தகுமா? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது 1942 ஆம் ஆண்டு நிகழ்வு.

அவ்வாண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் காசி இந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் திரளாக ஈடுபட்டனர். சினமுற்ற மாகாண ஆளுநர், பல்கலைக்கழகத்தைப் போர்க்கால மருத்துவமனையாக மாற்ற முனைந்தார். அப்போது துணைவேந்தராக இருந்த இராதாகிருஷ்ணன் தில்லிக்கு விரைந்து, வைசிராயிடம் வாதாடி, அம்முயற்சியைத் தடுத்தார். பதவியில் இருந்தமையால்தான் அவரால் மாணவர்களின் கல்விக்கூடத்தைக் காக்க முடிந்தது.

பதவி துறப்பதற்குத் துணிவு வேண்டும். பதவியில் இருந்துகொண்டே அதிகாரத்தின் முன் தலை வணங்காதிருப்பதற்கும் துணிவு வேண்டும். ஆனால், பதவியில் நீடிப்பவர் அனைவரும் இப்பெருமைக்கு உரியவர் ஆகார். இடர் வரும்போது அப்பதவியைத் தமக்காகப் பயன்படுத்தினாரா, தம்மை நம்பியவர்க்காகப் பயன்படுத்தினாரா என்பதைக் கொண்டே ஒருவரை மதிப்பிட வேண்டும். இராதாகிருஷ்ணன் தம்மை நம்பிய மாணவர்க்காகவே அதனைப் பயன்படுத்தினார். ஆசிரியர் நாளில் அவர் படத்திற்கு மலர் தூவும்போது, இந்நிகழ்வையும் மாணவர்கள் நினைவுகூர்தல் வேண்டும்.