வில்லாவுட் போக நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

சிட்னிக்கு வந்த முதல் மாதம், ஆபீஸ் சீனியர் ஒருவர் ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து, டிஷ்யூ பேப்பரில் மேற்கு சிட்னியை எனக்கு வரைந்து காட்டினார். தோசைக்கு வென்ட்வொர்த்வில். முருகன் கோயிலுக்கு மேஸ் ஹில். மளிகைக்கு ஹோம்புஷ், டூங்காபி. இடையில் எனக்குக் காதில் விழுந்திருந்த ஒரு பெயரைக் கேட்டேன்: "வில்லாவுட்?" அவர் பேனாவை மூடிவிட்டார். "அங்க ஜெயில்தான் இருக்கு. நமக்கு எதுக்கு?"

ஜெயில் என்றால் நீதிபதி தண்டனை சொல்லியிருப்பார், விடுதலைத் தேதி ஒன்று இருக்கும். வில்லாவுட்டில் இருப்பது குடிவரவுத் தடுப்பு முகாம். விசா இல்லாதவர்களைக் கட்டாயமாக அடைத்து வைக்க வேண்டும் என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் 1992-ல் வந்தது. 1994-ல் இருந்து எத்தனை நாள் என்று அதில் எல்லை இல்லை. ஆயுள் முழுக்க வைத்திருந்தாலும் சட்டப்படி சரிதான் என்று 2004-ல் உயர் நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. வேறு எந்த நாட்டுக்கும் அனுப்ப வழியில்லாதவர்களை அப்படி வைத்திருக்க முடியாது என்று அதே நீதிமன்றம் மாற்றிச் சொல்ல 2023 நவம்பர் ஆனது.

அந்த நிலத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வந்தவர்களைத் தங்க வைத்த விடுதி அங்கேதான் இருந்தது. 1963-ல் ஸ்காட்லாந்தில் இருந்து வந்த யங் குடும்பமும் அங்கேதான் தங்கியது. அந்த வீட்டுப் பையன்கள் மால்கமும் ஆங்கஸும் பின்னாளில் ஏசி/டிசி இசைக்குழுவைத் தொடங்கினார்கள். 1976-ல் அதே வளாகத்தில் ஒரு பகுதி தடுப்பு முகாம் ஆனது. வந்தவர்களை வரவேற்ற இடத்திலேயே வேலி போட்டார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

நான் அங்கே போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அம்மா. வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். 2018-ல் ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நீ தமிழ்தானே பேசுவாய்? வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் லீவு போட முடியுமா?" என்று கேட்டார். அவர் பல வருடமாக வில்லாவுட் போய், உள்ளே இருப்பவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அங்கே இருக்கும் தமிழர் இல்லை, என் பி.ஆர். விண்ணப்பம். முகாம் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், பெயர் பதிவாகும், அது எந்தக் கோப்பில் போய் ஏறுமோ என்று பயம். மூன்று வாரம் "ஆபீஸ்ல பிஸி" என்று தள்ளிப்போட்டேன். நாலாவது வாரம் அவர் கேட்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. போனேன். ஏழு மாதம் கழித்து பி.ஆர். வந்தது, வில்லாவுட் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

போவதற்கு முன்னாடி மனைவி முறுக்கு சுடட்டுமா என்றாள். முடியாது. அந்த வருடத்தில் இருந்து வீட்டில் செய்த பண்டம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று விதி. கடையில் வாங்கி, சீல் உடைக்காத பாக்கெட் என்றால் மட்டும் சரி. போனை லாக்கரில் வைத்துவிட்டு, சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனால், மேசையில் ஒருவர் காத்திருந்தார். யாழ்ப்பாணம் பக்கத்து மீனவர், நாற்பதை நெருங்கும் வயது. என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கள் இந்தியாவோ? உங்கட தமிழ் படத்தில கேக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

ஆசிரியை பையில் இருந்து எடுத்தது இலக்கணப் புத்தகம் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் ஓட்டுநர் உரிமத்துக்கான சாலை விதிப் புத்தகம். ரவுண்டபவுட்டில் யாருக்கு யார் வழிவிட வேண்டும், பள்ளிக்கூடப் பகுதியில் எத்தனை கிலோமீட்டர் வேகம் - இதைத்தான் ஒன்றரை மணி நேரம் ஆங்கிலத்தில் படித்தார்கள். புரியாத இடத்தில் நான் தமிழில் சொன்னேன். திரும்பி வரும்போது காரில் கேட்டேன், வாசலைத் தாண்ட முடியாதவருக்கு ரவுண்டபவுட் விதி எதற்கு என்று. "வெளியே வந்ததும் தேவைப்படும்" என்றார், சாதாரணமாக.

அவருக்கு இரண்டு பழக்கம். ஒன்று, எப்படி வந்தாய், ஏன் வந்தாய் என்று யாரையும் கேட்க மாட்டார். அதைக் கேட்க அதிகாரிகள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பார். இரண்டாவது, எதையும் வாக்குக் கொடுக்க மாட்டார். விசா கிடைக்கும், எல்லாம் நல்லபடியாக முடியும் என்றெல்லாம் ஒரு வார்த்தை வராது. "அடுத்த வியாழன் பார்க்கலாம்" என்பது மட்டும்தான். அந்த ஒன்றை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

நான் தவறவிட்டேன். ஒரு வியாழன் புரொடக்ஷன் ரிலீஸ் இழுத்துக்கொண்டது; போகவில்லை, சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் போனபோது ஆசிரியைதான் சொன்னார்: ஷேவ் செய்து, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, நான் சொல்லியிருந்த கிரிக்கெட் புத்தகத்துக்காகக் காத்திருந்தாராம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வேலை கூடவோ, தம்பி?" என் மேனேஜர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார், இந்த அளவுக்குச் சுட்டதில்லை.

தேதி தெரியாமல் இருப்பது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு வில்லாவுட்டுக்கு உள்ளேயே எழுதப்பட்ட சாட்சி உண்டு. அங்கே அடைக்கப்பட்டிருந்த ஆமர் சுல்தான் என்ற இராக்கிய மருத்துவர், தன்னோடு இருந்தவர்களின் மனநிலையைக் கவனித்து, உளவியலாளர் ஒருவருடன் சேர்ந்து, 2001-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். ஒன்பது மாதத்துக்கு மேல் அடைபட்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் உளப்பாதிப்புக்கு ஆளாகியிருந்தார்கள். எழுதியவரும் கைதி, எழுதப்பட்டவர்களும் கைதிகள்! அப்படி ஓர் ஆய்வு மருத்துவ உலகில் அபூர்வம்தான். ஆனாலும் பத்து வருடம் கழித்து, 2011 தீபாவளி சமயத்தில், ஒரு தமிழ் இளைஞர் அதே முகாமில் தன் உயிரை முடித்துக்கொண்டார். அவர் அகதி என்று அரசே ஏற்றுக்கொண்டிருந்தது. பாதுகாப்புச் சோதனை முடிவதற்காகத்தான் காத்திருந்தார். நாம் அன்று சிட்னியில் என்ன பலகாரம் செய்தோம் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? (நான் அப்போது சென்னையில். எனக்கு இந்தச் செய்தியே தெரியாது.)

அமைதி, நம்பிக்கை என்று மேடையில் பேசுபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த வரை இந்த வேலையின் தினசரி வடிவம் வேறு மாதிரி இருக்கிறது. படிவம் நிரப்புவது, வக்கீலுக்குப் போன் போடுவது, பல் வலி என்றால் யாரிடம் சொல்வது என்று கண்டுபிடிப்பது. வில்லாவுட்டை ஒட்டிய கர்ரமார் பகுதியில் ஸ்டார்ட்ஸ் என்ற அமைப்பு 1988 முதல் சித்திரவதைக்கும் போருக்கும் தப்பி வந்தவர்களுக்கு மனநல சிகிச்சை அளிக்கிறது. குவீன்ஸ்லாந்தின் பிலோயலா என்ற சின்ன ஊரில், 2018-ல் விடிகாலையில் கூட்டிப்போகப்பட்ட பிரியா - நடேஸ் குடும்பத்துக்காக நின்றவர்களில் ஏஞ்சலா ஃபிரெடரிக்ஸ் சமூகப் பணியாளர். சிமோன் கேமரூன் ஆங்கில ஆசிரியை. நாலு வருடம் விடாமல் மனு, பேட்டி, ஊர்வலம். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் அதே ஊருக்குத் திரும்பி வந்தது. பெரும்பாலானோருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஊர் அது.

நம்மவர்களில் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அரன் மயில்வாகனம் படித்த நாகர்கோவில் பள்ளிக்கூடத்தின் மீது (நம்ம நாகர்கோவில் இல்லை, யாழ்ப்பாணத்து நாகர்கோவில்) 1995 செப்டம்பரில் விமானக் குண்டு விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். அவருடைய சகோதரரும் அதில் ஒருவர். 1997-ல், பெற்றோர் துணையில்லாமல் ஆஸ்திரேலியா வந்த அந்தச் சிறுவனை இதே வில்லாவுட்டில்தான் வைத்தார்கள். அவர்தான் பின்னாளில் தமிழ் அகதிகள் கவுன்சிலைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பிலோயலா குடும்பத்துக்காகவும் முன்னால் நின்றார். அவருடைய அரசியலில் எனக்குச் சில இடங்களில் உடன்பாடு இல்லை. அதற்காக அவர் போட்ட உழைப்பைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

சாட்டையை நான் என் பக்கத்துக்குத்தான் திருப்புகிறேன். தமிழ்நாட்டில் இருந்து வந்த ஐ.டி.க்காரர்கள் நாங்கள். 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் 95,000 பேர். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வில்லாவுட் பேச்சு வந்தால் வரும் பதில் இரண்டுதான். "படகுல வந்தது சட்டவிரோதம் ப்ரோ." அடுத்தது, "நாம க்யூல நின்னு வந்தோம், அவங்க குறுக்க வந்தாங்க."

முதலாவது தவறு. எப்படி வந்தாலும் அடைக்கலம் கேட்பது குற்றம் இல்லை. ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்ட 1951 அகதிகள் ஒப்பந்தம் அதைத்தான் சொல்கிறது. இரண்டாவதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. திறன் விசாவுக்கும் மனிதாபிமான விசாவுக்கும் ஒதுக்கீடே தனித்தனி. ஒரு ஈழத்து மீனவருக்குக் கிடைக்கும் விசா, ஒரு ஜாவா டெவலப்பரின் பி.ஆரில் இருந்து கழிக்கப்படுவது இல்லை. நாம் நின்ற க்யூவில் அவருக்கு இடமே கிடையாது. இங்கே நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: இன்று வில்லாவுட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அகதிகள் இல்லை. குற்ற வழக்கில் தண்டனை முடிந்து, விசா ரத்தானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். முதல்முறை போகிறவருக்கு அது தயக்கம் தரும்தான். எனக்கும் தந்தது.

க்யூ என்று யார் சொன்னாலும் எனக்கு என் கல்லூரி நண்பன் ஞாபகம் வரும். கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து வளர்ந்தவன். என்னைவிட நல்ல மார்க். தமிழ்நாட்டு முகாம்களில் ஈழத்து அகதிகள் தாங்களாகவே 1984-ல் தொடங்கிய ஓஃபர் அமைப்பு, சந்திரஹாசன் தலைமையில், எல்லாவற்றையும்விடக் கல்வியைப் பிடித்துக்கொண்டது. முகாம் பிள்ளைகள் டிகிரி வரைக்கும் போனதில் அதற்குப் பெரிய பங்கு. அவனும் அப்படி வந்தவன்தான். கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு சுற்று தாண்டினான். மூன்றாவதில் பாஸ்போர்ட் கேட்டார்கள். இந்தியாவில் பிறந்தவன், ஆனால் இந்தியன் இல்லை. எனக்கு அன்று மாலை ஆஃபர் லெட்டர் வந்தது. அவன் இப்போது பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறான்.

அதே கதை இங்கே இன்னொரு தலைமுறைக்கு நடக்கிறது. 2012, 2013-ல் படகில் வந்தவர்களில் தற்காலிக விசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வழி திறப்பதாக 2023 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. விரைவு விசாரணையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அதில் வரவில்லை. அவர்களின் பிள்ளைகள் இங்கேயே படித்து, ஆஸ்திரேலிய ஆங்கிலம் பேசி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு, பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். உதவித்தொகைகள் இருக்கின்றன, இடங்கள் கொஞ்சம். 2024 ஆகஸ்டில் மெல்பர்னில் நாம் இழந்த தமிழ் இளைஞருக்கு 23 வயது. வந்தபோது பள்ளிக்கூடப் பையன்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. சிட்னியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் எழுபதுகளின் கடைசியில் இருந்தே நடக்கின்றன. அரசுப் பள்ளி வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து, தன்னார்வ ஆசிரியர்களை வைத்து, நன்றாகவே நடத்துகிறார்கள். என் மகளும் போகிறாள். அந்த இரண்டு மணி நேரம் நாங்கள் அப்பாக்கள் என்ன செய்கிறோம்? கார் பார்க்கில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு விலை பேசுகிறோம். இன்ஜினியர், அக்கவுன்டன்ட், நர்ஸ் என்று அத்தனை பேர். காலியாக ஒரு வகுப்பறை இருந்தால், பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம், ரெஸ்யூமே, கம்ப்யூட்டர் எல்லாம் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம்; அவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும். ஈழம், தமிழ்நாடு என்று தனித்தனியாக நிற்கும் கார் பார்க்குக்கும் அது நல்லது.

அந்த மீனவர் 2021-ல் பிரிட்ஜிங் விசாவில் வெளியே வந்தார். கொரோனாவால் பார்வையாளர்களை நிறுத்தியிருந்த மாதங்களில் ஆசிரியை போனில்தான் பாடம் நடத்தினார். வந்த இரண்டாவது வாரம் சாலை விதித் தேர்வு எழுதினார். முதல் முறையிலேயே பாஸ். இப்போது மெர்ரிலேண்ட்ஸில் இரண்டு பேரோடு அறை எடுத்து, டெலிவரி வேன் ஓட்டுகிறார். விசா இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புதான். போன மாதம் போன் செய்து, "தம்பி, எனக்குத் தெரிஞ்ச குடும்பத்துப் பிள்ளை ஒண்டு. இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்குச் சொல்லிக் குடுப்பியளோ?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வருகிறாள். கால்குலஸ் எனக்கே பாதி மறந்துவிட்டது. வெள்ளி இரவு உட்கார்ந்து படிக்கிறேன். வகுப்பறை கேட்டு எங்கள் தமிழ்ப் பள்ளிக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். காப்பீடு, அனுமதி எல்லாம் பார்க்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. கூட்டம் 15-ஆம் தேதி. ஆசிரியையும் வருகிறேன் என்றிருக்கிறார். பேச்சு தமிழில்தான் நடக்கும் என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து நீ மொழிபெயர் என்றார்.