சமவெளிப் பாதைக்கு மலைவண்டி எதற்கு?

சென்னைக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று பெரும்பாலும் கடலை ஒட்டியே செல்லும் அவ்வழியில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆற்றுப் பாலங்களும் மேம்பாலங்களுமே அங்குள்ள ஏற்றங்கள். ஆயினும், ஆகஸ்ட் 29-இல் கொடியேறும் நாளை மனத்திற்கொண்டு, ஐம்பத்தைந்து அகவைக்கு மேல் முதன்முறையாக நெடும்பயணம் செல்லத் துணிந்த ஒருவர் மிதிவண்டிக் கடைக்குள் நுழைந்தால், அவர்முன் நிறுத்தப்படுவது மலையேறும் வண்டி! முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர். முள்முள்ளாய்த் துருத்தும் பருத்த டயர். இருபத்தொரு கியர் என்று சட்டத்தின்மீது பளிச்சிடும் எழுத்து. இந்த விற்பனை முறை தவறு என்கிறேன். அதற்கு நாம் தலையாட்டி நிற்பது அதைவிடப் பெருந்தவறு.

பங்குத்தந்தைக்கு மிதிவண்டியில் என்ன அக்கறை என்று வாசக அன்பர்கள் வினவலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டுத் திங்களில் நசரத்பேட்டையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் புறப்படும் திருப்பயணிகளின் வண்டிகளை மந்திரிப்பவன் நான். யார் எந்த வண்டியில் புறப்பட்டார், யார் எந்த நிலையில் திரும்பினார் என்பதை அறிவேன். இளைஞர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்கள் எதை மிதித்தாலும் போய்ச் சேருவர். என் கவலை அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர்களைப் பற்றியது. அவர்கள் இளமையில் மிதிவண்டியை அறியாதவர்களல்லர். 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வார்த்தளித்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் இரட்டைப்பணி நேரத்துக்கும் ஓடியவர்கள். (அதே 1949-இல்தான் இத்தாலியின் கிசால்லோ குன்றிலுள்ள அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார் என்பது எனக்குப் பிடித்தமானதோர் ஒற்றுமை.) ஆனால் பின்னர் ஸ்கூட்டர் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் ஏறி அமரும் உடல், தொடக்கநிலையினரின் உடலே. சமநிலை நினைவிருக்கும், முழங்காலுக்கு எதுவும் நினைவிராது.

எம் பங்கைச் சேர்ந்த 61 அகவைத் தொழிலாளர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மகன் அன்போடு வாங்கித் தந்த வண்டி. கடைக்காரர் "பெரியவருக்கு முதுகு அலுங்காது" என்று உறுதி கூறி, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டியைத் தந்தார். அதில் கேரியர் பொருத்த இடமில்லை என்பதை வீட்டுக்கு வந்தபின்தான் கண்டனர். எனவே போர்வை, உடை, மருந்து, தண்ணீர் எல்லாம் முதுகுப்பையில் ஏறின, ஒன்பது கிலோ. முதல்நாள் மாமல்லபுரம் சேர்ந்தார். இரண்டாம் நாள் மாலை மரக்காணத்தில், முழங்கால் வீங்கி, தோள்பட்டை இறுகி, வண்டியைப் பேருந்தின் மேலேற்றித் திரும்பினார். எதிரே வந்தவர்களெல்லாம் சொன்னது ஒரே சொல்: "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" குற்றம் வயதின் தலையில் ஏற்றப்பட்டது. வண்டியை எவரும் குறை சொல்லவில்லை. அவ்வண்டி இன்று அவர் வீட்டு மாடிப்படியின் கீழ்த் துணி உலர்த்தப் பயன்படுகிறது. 2020-இல் ஊரடங்கு தளர்ந்தபின் மிதிவண்டி விற்பனை பெருகியதே, அப்போது வாங்கிய வண்டிகளுள் எத்தனை இவ்வாறு கொடிக்கம்பியாய் மாறின என்பதை அவரவர் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

மலிவான ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையைச் சற்று நோக்குவோம். கற்பாறையில் குதிக்கும்போது அது பயனுடையது. தார்ச்சாலையிலோ, ஒவ்வொரு மிதிக்கும் வண்டி சற்றே அமிழ்ந்து எழுகிறது. முன்னேறப் பயன்பட வேண்டிய விசையில் ஒரு பங்கை அந்தச் சுருள்வில் உண்டுவிடுகிறது. முள் டயர் சேற்றைப் பற்றுவதற்காக வார்க்கப்பட்டது. தாரின்மீது அது முனகுவதும் இழுப்பதுமே மிச்சம். சாலையின் அதிர்வைத் தணிக்கத் தேவையானது சுருள்வில் அன்று, சற்றே அகன்ற, வழவழப்பான, அளவாகக் காற்றடித்த டயர். இதை எந்தக் கடைக்காரரும் அறிவார். ஆனால் காற்றை விலை போட்டு விற்க முடியுமா?

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்படியானால் நம் பழைய கறுப்பு வண்டியே சிறந்தது" என்று மகிழ்பவர்களுக்கும் ஒரு சொல். உங்களோடும் நான் உடன்படவில்லை. ஏழையின் வண்டி, எளிமையின் அடையாளம் என்றெல்லாம் அதைப் போற்றி எழுதப்படும் கட்டுரைகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. எழுதுவோர் அதை எதிர்காற்றில் மிதித்துப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் அதன் முன்பல் சக்கரத்தில் 44 பற்கள், பின்னே 18. இருபத்தெட்டு அங்குலச் சக்கரத்தோடு கணக்கிட்டால் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடுகிறது. சமதரையில், காற்றில்லா விடியற்காலையில் அது இனிய அளவு. ஆனால் ஆகஸ்டு, செப்டம்பர்ப் பிற்பகல்களில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்போது, தெற்கு நோக்கிச் செல்பவன் அதை நெஞ்சில் தாங்கியே போகவேண்டும். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறையும். அப்போது அந்தப் பழைய வண்டியில் நிமிடத்துக்கு முப்பது சுற்றே மிதிக்க முடியும். ஒவ்வொன்றும் மாடிப்படியில் மூட்டையோடு ஏறுவதற்கு நிகர். அதே வேகத்தில், முன்னே 38 பற்களும் பின்னே 28 பற்களும் கொண்ட கியரில், 26 அங்குலச் சக்கரம் சுற்றுக்கு 2.8 மீட்டரே ஓடும். நிமிடத்துக்கு அறுபது சுற்று. ஒவ்வொரு மிதியின் பாரமும் பாதி. முழங்கால் தேய்வது எண்ணிக்கையாலன்று, பாரத்தால். ஆகவே மலைக்காக அல்ல, காற்றுக்காகவும் சுமைக்காகவும் கியர் வேண்டும். இருபத்தொன்று வேண்டியதில்லை. பின்னே ஏழு, முன்னே ஒரு சிறிய பற்சக்கரம், அவ்வளவே போதும்.

கியர் வைப்பது கோழைத்தனம் என்று கருதுவோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1903-இல் பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு, அதற்கு முந்தைய ஆண்டே, கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கே உரியது என்று ஏளனமாக எழுதினார். தம் பந்தயத்தில் வீரர்கள் அக்கருவியைப் பயன்படுத்த 1937 வரை இசைவு கிடைக்கவில்லை. அந்த ஏளனத்தை நான் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்! பகைவர் வாயிலிருந்தே நமக்கு உரிமைச் சீட்டு கிடைத்துவிட்டது. அதே நாட்டில், செயிந்த் எத்தியென் நகரில் வாழ்ந்து, வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதிய போல் தெ விவி (1853–1930) பல கியர் வண்டிகளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர். நெடும்பயணிகளுக்கு அவர் வகுத்த ஏழு அறிவுரைகளுள் ஒன்று, வீம்புக்காக மிதிப்பதைத் தடுக்கிறது.

வீம்பு என்றவுடன் என் வாதத்தின் மையத்துக்கே வந்துவிட்டேன். முதியவருக்கு மிகவும் ஏற்ற சட்டம் எது? இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே குறுக்குக் கம்பி இல்லாமல், தாழ்ந்து வளைந்த சட்டம். பின்னே கேரியரில் மூட்டை கட்டியிருக்கும்போது காலைத் தூக்கி வீசி ஏறவேண்டியதில்லை. திடீரென்று லாரி ஒதுக்கினால் உடனே இரு காலும் தரையில் ஊன்றலாம். இடுப்பு மூட்டு இறுகிய உடலுக்கு இதைவிட நலம் வேறில்லை. ஆனால் இதைச் சொன்னவுடன் நம் ஆடவர்கள் முகம் சுளிக்கின்றனர். "அது லேடீஸ் சைக்கிள் ஆயிற்றே, ஃபாதர்!"

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஐ ஒட்டி நிகழ்ந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்குவாரித் தொழிலாளர், விவசாயக் கூலிகள், செவிலியர், ஆசிரியைகள். வளர்ந்தபின் கற்றவர்கள் அவர்கள். பெண்களுக்கான வண்டிகள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. ஆண்களின் வண்டியிலேயே ஏறினர். அதுமட்டுமன்று, சிலர் ஆண்களின் வண்டியையே விரும்பி ஏற்றனர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காரணம், குறுக்குக் கம்பியின்மேல் குழந்தையை அமர்த்தலாம்! ஊரார் கேலியைப் பொருட்படுத்தாமல், தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தன் வாழ்விலிருந்தே அளந்து வண்டியைத் தேர்ந்தவர்கள் அவர்கள். சேலையைச் சொருகிக்கொண்டு ஆண்கள் வண்டியில் அவர்கள் ஏறியிருக்க, வேட்டி கட்டிய நாம் வளைந்த சட்டத்தில் ஏற நாணுவதா? வேட்டிக்கும் அதுவே வசதி என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தரப்பார் என் சொந்த மந்தையைச் சேர்ந்தவர்கள். ஆகையால் அவர்களிடம் தயக்கமின்றிப் பேசலாம். "திருப்பயணம் என்றால் தவம்தானே, வலித்தால் என்ன? வலிக்கட்டும், ஒப்புக்கொடுப்போம்" என்பது அவர்கள் வாதம். பக்தியாய்த் தோன்றும் இக்கூற்றில் இறையியல் பிழை இருக்கிறது. நோன்பைப் பற்றி விளக்கும் புனித தாமஸ் அக்குவினாஸ், இயற்கையைக் காக்கத் தேவையான உணவையே மறுப்பது நேரிய அறிவுக்கு ஏற்றதன்று என்று தெளிவாக வரம்பு கட்டுகிறார். நோன்புக்கு உள்ள வரம்பு முழங்காலுக்கு இல்லையா? விடியுமுன் எழுவது, வெயிலில் செல்வது, சத்திரத் திண்ணையில் படுப்பது, கிடைத்ததை உண்பது, ஐந்தாறு நாள் வீட்டை மறப்பது: இவை தவம். இருக்கை நான்கு அங்குலம் தாழ்ந்திருப்பதால் சவ்வு கிழிவது தவமன்று, அது கவனமின்மை. பின்னர் நான்கு மாதம் மருமகள் தாங்கிப் பிடித்து நடத்திச் செல்ல வேண்டியிருந்தால், அந்தத் தவத்தைச் செய்தவர் யார்?

இருக்கை உயரத்தைக் குறித்து ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். மிதிவண்டியே அறியாத முழுப் புதியவர்கள் மட்டும் முதலில் இருக்கையை இறக்கி, பெடல்களைக் கழற்றிவிட்டு, காலால் தரையை உந்தி உந்திச் சமநிலை பழகவேண்டும். (இடப்பக்கப் பெடலின் மறை எதிர்த்திசையில் கழலும், வலுக்கட்டாயம் செய்யவேண்டாம்.) கைப்பிடி இருக்கையின் மட்டத்திலோ சற்று மேலோ இருக்கட்டும். குனிந்து பறப்பது பந்தயக்காரர் வேலை.

மற்றவற்றில் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இது பழுதானால் மரக்காணத்திலோ தரங்கம்பாடியிலோ உள்ள பஞ்சர் கடைக்காரரால் சரிசெய்ய இயலுமா? 26 அங்குல டியூப் ஏறக்குறைய எங்கும் கிடைக்கும். மெல்லிய பந்தயச் சக்கரத்தின் டியூப் சிற்றூர்களில் கிடைப்பது அரிது. அதன் ஒல்லியான வால்வுக்கு அங்குள்ள பம்பு வாயே பொருந்தாது. ரப்பர் பிரேக் கட்டை எந்தக் கடையிலும் தொங்கும். டிஸ்க் பிரேக்கின் உட்தகட்டைக் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். இரும்புச் சட்டம் சற்றுக் கனம்தான். ஆனால் விரிசல் கண்டால் பற்றவைக்கும் பட்டறை வழியெங்கும் உண்டு. பழைய கம்பி பிரேக்கை நம்பவேண்டாம். மழையில் அது நிறுத்தாது, வேண்டிக்கொள்ளத்தான் வைக்கும்.

கடைக்காரர்களுக்கு என் கோரிக்கை இது. முதியவர் ஒருவர் வண்டி கேட்டு வந்தால், கடைவாசலில் ஒரு வட்டம் சுற்றச் சொல்லி அனுப்பாதீர்கள். கேரியரில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டி, அரைமணி நேரம் ஓட்டிவர விடுங்கள். எம் பகுதியினருக்குச் செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊர்ச்சாலைகள் இருக்கின்றன. காற்றும் உண்டு, மேடும் உண்டு, லாரியும் குறைவு. இதற்கு இசையாத கடையில் பணம் கொடுக்காதீர்கள் என்று வாங்குவோரிடமும் சொல்கிறேன். பேரங்காடிக் கண்ணாடிக்குள் நிற்கும் வண்டியைவிட, வாடகைக்கு வாங்கி ஒரு வாரம் மிதித்துப் பார்த்த பழைய வண்டி உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

மகன் ஏற்கெனவே வாங்கித் தந்துவிட்டானே, இனி என்ன செய்வது என்று கேட்போரும் இருப்பர். பிள்ளையின் மனத்தை நோகடிக்க வேண்டாம். பின்பக்க ஷாக் அப்சார்பர் இருந்தால் மட்டும் அவ்வண்டியைப் பேரனுக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் சுமை கட்ட வழியில்லை. முன்பக்கம் மட்டுமே இருந்தால் அதை இறுக்கிப் பூட்டும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். முள் டயர் இரண்டையும் கழற்றி, அதே 26 அங்குலத்தில் ஒன்றரை அங்குல அகல வழவழப்பான டயர் போடுங்கள். கைப்பிடித் தண்டை மாற்றி உயர்த்துங்கள். கேரியர், மட்கார்டு, மணி, பின்சிவப்பு விளக்கு ஆகியவற்றைப் பொருத்துங்கள். பூவிருந்தவல்லியில் இவ்வளவையும் ஒரு பிற்பகலில் முடித்துத் தரும் கைவினைஞர்கள் இன்னும் இருக்கின்றனர். ஜூன் திங்களிலேயே செய்துவிட்டால், ஆகஸ்டுக்குள் நாளுக்குப் பத்து, இருபது, நாற்பது என்று கிலோமீட்டரை உயர்த்திப் பழக நேரமும் கிடைக்கும்.