அடைத்த கதவும் அகவைக் கணக்கும்

18 வயது நிரம்பிய ஓர் அமெரிக்கக் குடிமகன் தன் நாட்டின் சனாதிபதியைத் தெரிவுசெய்ய வாக்களிக்கலாம். படையிற் சேர்ந்து போர்முனையிலே உயிர்விடலாம். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் தன் பெயரிலேயே ஒப்பந்தங்களிற் கையொப்பமிடலாம். குற்றமிழைத்தால் வளர்ந்தோருக்குரிய நீதிமன்றில் நின்று, வளர்ந்தோருக்குரிய தண்டனையைக் குறைவின்றி ஏற்கவும் வேண்டும். ஆயினும், அதே நாட்டின் நகரமொன்றில், கையில் முழுக் கட்டணத்துடன், ஓரிரவு தலைசாய்க்க அறை கேட்டு அவர் நிற்பாராயின், "21 வயது நிரம்பாதோருக்கு இடமில்லை" என்னும் விடையைக் கேட்டுத் திரும்ப நேரலாம். தண்டிக்கும்போது வளர்ந்தவர், தங்க வரும்போது சிறுவர். இம்முரண்பாடு ஹோட்டல் நிருவாகத்தின் சில்லறைப் பிரச்சினையன்று. ஒருவருக்கு மனிதர் என்ற வகையில் உரிய மதிப்பை எப்போது வழங்குவது என்பது பற்றிய பிரச்சினை அது.

நடைமுறை எவ்வாறுள்ளது என்பதை முதலில் நோக்குதல் தகும். ஹோட்டலில் அறை பெறுதற்கான குறைந்தபட்ச வயதை அமெரிக்காவின் மத்திய சட்டம் எதுவும் வரையறுக்கவில்லை. அதனால் அதனை நிருணயிக்கும் அதிகாரம் பெரும்பாலும் விடுதி உரிமையாளரின் கைக்குச் சென்றுவிட்டது. சில விடுதிகள் 18 வயதினரை ஏற்கும். பல 21 வயதைக் கேட்கும். சூதாட்ட மண்டபங்களையுடைய லாஸ் வேகாஸ் விடுதிகளில் 21 என்பதே பெருவழக்கு. மாணவர் வசந்தகால விடுமுறையின்போது 25 வயதைக் கோரும் கடற்கரை விடுதிகளும் உள. ஒரே பெயர்ப்பலகையைத் தாங்கிய இரு ஹோட்டல்களிடையேகூட விதி வேறுபடும். பெயர் பெரிய நிறுவனத்துக்குரியதாயினும், கட்டடம் தனித்தனி முதலாளிகளுக்குரியது என்பதே அதற்குக் காரணம்.

விமான நிறுவனங்களோ பொதுவாக 12 வயதிலேயே பிரயாணியை வளர்ந்தோராகக் கணித்து முழுக் கட்டணம் வசூலிக்கின்றன. வாடகை மோட்டார் நிறுவனங்கள் 25 வயதுக்குக் குறைந்தோரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடுகின்றன. 12, 18, 21, 25 என மாறும் இக்கணக்குகளுள் எதுவும் இளைஞனின் முதிர்ச்சியை அளந்து பெறப்பட்டதன்று. வாங்கும் இடத்தில் வயது குறைகிறது. வழங்கும் இடத்தில் வயது கூடுகிறது.

21 என்னும் எண்ணுக்குத் தனிப் புனிதம் எதுவுமில்லை. நடுக்கால ஐரோப்பாவில் போர்க்கவசந் தாங்கிக் குதிரையில் அமரத்தக்க வயதாக அது கொள்ளப்பட்டதென்று சட்ட வரலாறு எழுதியோர் கூறுவர். இங்கிலாந்து 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதனைக் கைவிட்டு, 1970 சனவரி முதல் 18ஐ ஏற்றுக்கொண்டது. வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட இளைஞருக்கு வாக்குரிமை மறுக்கப்படுவது நியாயமா என்ற கேள்வி முற்றிய வேளையில், 1971இல் அமெரிக்க அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது. இலங்கையிலும் 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பராய வயதை 21இலிருந்து 18க்குக் குறைத்தது. அரசுகளும் நீதிமன்றங்களும் கைவிட்ட எண் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் மட்டும் இன்னும் ஆட்சி செலுத்துகிறது.

விடுதி உரிமையாளர் தரப்பிலிருந்து மூன்று நியாயங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. முதலாவது மதுபானம். 1984ஆம் ஆண்டு மத்திய சட்டம், மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியின் ஒரு பகுதியை நிறுத்தியது. 1988 அளவில் எல்லா மாநிலங்களும் பணிந்தன. ஆகவே மது வைக்கப்பட்ட அறையை இளைஞருக்குக் கொடுத்தல் இடரானது என்பர். ஆனால் அச்சட்டம் தடுப்பது மதுவையேயன்றிப் படுக்கையையன்று. அறையிலுள்ள சிறு குளிர்ப்பெட்டியைப் பூட்டிவிட்டால் தீரும் பிரச்சினைக்கு வாயிற்கதவையே பூட்டுதல் எவ்வகை நியாயம்? சூதாட்டத்துக்கும் இதுவே விடை. ஆடுமிடத்தில் வயதைக் கேட்பது சரி. உறங்குமிடத்தில் கேட்பது ஏன்?

இரண்டாவது ஒப்பந்தம். பராயமடையாதவரின் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பர். 18 வயதே பராயமாகவுள்ள மாநிலத்தில், 19 வயதினரைப் பொறுத்தவரை இவ்வாதத்துக்கு அடிப்படையே இல்லை. பராயமடையாதோர் விடயத்திலும், உணவு உறையுள் முதலிய அத்தியாவசியத் தேவைகளுக்கு நியாயமான விலை கொடுக்க அவர் கடமைப்பட்டவர் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய கொள்கை.

மூன்றாவதே உண்மையான காரணம்: இளைஞர் கூச்சலிடுவர், கூட்டங்கூடுவர், பொருட்களை உடைப்பர் என்னும் அச்சம். அத்தகையோர் இல்லையென எவரும் கூறார். ஆனால் முப்பது வயதினரும் நாற்பது வயதினரும் மதுவெறியில் அறைகளைப் பாழாக்குதல் அறியப்படாததன்று. அதற்கென முன்வைப்புப் பணம் உண்டு, கடனட்டை உண்டு, ஒழுங்கு மீறுவோரை வெளியேற்றும் உரிமையுண்டு. செய்த குற்றத்துக்குத் தண்டிக்கும் வழிகள் இத்தனை இருக்க, செய்யாத குற்றத்துக்காக ஒரு தலைமுறை முழுவதையும் தண்டித்தல் சோம்பல் மிகுந்த நிருவாகமேயன்றி முன்னெச்சரிக்கையன்று. படையினருக்குரிய அடையாள அட்டையைக் காட்டும் 18 வயதினருக்கு இவ்விதியைத் தளர்த்தும் விடுதிகளும் உள்ளன. ஆளைப் பார்த்து முடிவுசெய்ய முடியும் என்பதை அவ்விடுதிகளே இதனால் ஒப்புக்கொள்கின்றன. படைவீரனுக்குச் செய்யக்கூடியதை மாணவிக்குச் செய்ய மறுப்பதன் பொருள் என்ன?

"ஹோட்டல் தனியார் சொத்து, எவரை ஏற்பது என்பது உரிமையாளர் விருப்பம்" என்ற வாதம் எஞ்சுகிறது. சட்ட வரலாறு இதனை ஆதரிக்கவில்லை. வழிப்போக்கரைத் தங்கவைக்கும் தொழிலை மேற்கொண்டவர், இடமிருக்கும்வரை, பணம் செலுத்தக்கூடிய, தக்க நிலையிலுள்ள எந்தப் பிரயாணியையும் ஏற்றே ஆகவேண்டும் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டம் நெடுங்காலமாக விதித்த கடமை. இரவு நேரத்தில் அந்நிய ஊரில் நிற்பவரின் கதியை ஒரு கடைக்காரரின் விருப்புவெறுப்புக்கு விடலாகாது என்பதே அதன் உட்பொருள். மேற்கிந்தியத் துடுப்பாட்ட வீரர் லியரி கொன்ஸ்டன்டைன் 1943இல் லண்டன் இம்பீரியல் ஹோட்டலில் நிறம் காரணமாகத் தங்க மறுக்கப்பட்டபோது, 1944இல் அவர் வழக்கில் வென்றது இக்கடமையின் அடிப்படையிலேயே. நிறப்பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்று இங்கிலாந்தில் இருக்கவில்லை. கிடைத்த நட்டஈடு ஐந்து கினி மட்டுமே. நிலைநாட்டப்பட்ட கொள்கையோ பெரிது. நிறவெறியின் கொடுமையையும் வயதுத் தடையின் இடையூறையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. ஆயினும் வாயிலில் நிற்பவரை அவர் நடத்தை கொண்டன்றி அவர் சேர்ந்த வகுப்பைக் கொண்டு தீர்ப்பிடும் முறை இரண்டிற்கும் பொதுவானது.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம் ஹோட்டல்களில் இனம், நிறம், மதம், தேசியப் பூர்வீகம் ஆகியவற்றின் பேரிலான பாரபட்சத்தைத் தடைசெய்தது. அப்பட்டியலில் வயது இல்லை. அவ்விடைவெளியிலேதான் இன்றைய வழக்கம் வேரூன்றியுள்ளது. இடைவெளியை அடைத்தல் இயலாத காரியமன்று. அந்நாட்டின் மிச்சிகன் மாநிலம் 1976இல் இயற்றிய சட்டம் பொது வசதியிடங்களுக்கான பட்டியலில் வயதையும் சேர்த்தது. ஆஸ்திரேலியாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் சேவைகளிலும் தங்குமிட வசதியிலும் வயதுப் பாரபட்சத்தைத் தடுக்கிறது. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் இப்பகுதி 2012 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்கு மேற்பட்டோரை வயது காரணமாக வேறுபடுத்தும் சேவையாளர், அதற்குத் தக்க நியாயத்தை நிறுவவேண்டியவராயினர். இந்நாடுகளில் ஹோட்டல் தொழில் அழிந்துவிடவில்லை.

இத்தடையாற் பாதிக்கப்படுவோர் யாவர் என்பதே இறுதியாக எழும் வினா. செல்வக் குடும்பத்து இளைஞன் பெற்றோருடன் வருவான். அல்லது அவனுக்காக அறை எடுக்க எவரேனும் இருப்பர். தனித்து வருபவள் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ பட்டப்படிப்புக்காக முதன்முறை கடல் கடந்த 19 வயது மாணவியாக இருக்கலாம். பல்கலைக்கழக விடுதி திறக்க இன்னும் ஒரு நாள் இருக்கும், தெரிந்தவர் எவருமிரார். முற்பணம் செலுத்தியபின், நிபந்தனைகளின் அடியிற் புதைந்துகிடந்த விதியொன்று வரவேற்பு மேசையில் அவளுக்கு வாசித்துக் காட்டப்படும். செலுத்திய பணமும் திரும்பாமற் போகலாம். விமானம் இரத்தானதால் இடைவழியில் இறக்கிவிடப்பட்ட பிரயாணியின் கதியும், வேலை தேடி வேற்றூர் சென்ற தொழிலாளியின் கதியும் இதுவே. வீட்டிலே அடிதாங்காது நள்ளிரவில் வெளியேறிய இளம்பெண்ணுக்கு அக்கதவு அடைபடுவது இடையூறு அன்று; ஆபத்து. பாதுகாப்பின் பேரால் விதிக்கப்பட்ட தடை, பாதுகாப்பு மிக வேண்டப்படுவோரையே பேருந்து நிலையத்துக்கும் தெருவோரத்துக்கும் தள்ளுகிறது.

இளைஞர் விடுதிகளுக்குச் செல்லட்டுமே என்பர் சிலர். ஜெர்மானிய ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் 1912இல் அல்தெனாக் கோட்டையில் அத்தகைய முதல் நிலையான விடுதியை நிறுவினார். இளையோரை நம்பியே அவர் அதனைத் தொடங்கினார். அவர்களைப் பிற இடங்களிலிருந்து விலக்கிவைப்பதற்கன்று. மேலும், அமெரிக்காவின் பரந்த நிலப்பரப்பில் அத்தகைய விடுதிகள் இல்லாத ஊர்களே மிகப் பல.

எனவே வேண்டப்படுவது சலுகையன்று. சட்டம் பராயமடைந்தவர் என ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பிறந்த திகதி காட்டித் திருப்பியனுப்பும் உரிமை எந்த விடுதிக்கும் இருத்தலாகாது. பணம் உண்டா என்று கேட்கலாம், அடையாளத்தைக் கேட்கலாம், ஒழுங்குக்கு உடன்படுமாறு கேட்கலாம், மீறினால் வெளியேற்றலாம். இவை எல்லா வயதினரிடமும் கேட்கப்படும் கேள்விகள். இச்சட்டம் வரும்வரையிலாவது, வயது விதியைப் பணம் பெறுமுன் தெளிவாக அறிவித்தலும், மறுக்கப்பட்டவருக்கு முழுப் பணத்தையும் மீளளித்தலும் கட்டாயமாக்கப்படல் வேண்டும். 18 வயதினரிடம் வரியும் வாக்கும் படைச்சேவையும் பெற்றுக்கொள்ளும் சமுதாயம், அவர்க்கு ஓரிரவுத் தங்குமிடத்தை மறுக்கும் விதியைத் தொழில் வசதி என்ற பெயரால் இனியும் பொறுத்துக்கொள்ளல் ஆகாது.