வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் பரிகாரமா?

வானத்துல புதுசா வெளிச்சம் தெரிஞ்சா, "தெய்வக் குத்தம், பரிகாரம் செய்யணும்"னு வாட்ஸ்அப்பில் பரப்பிடுறாங்க. அதைப் பார்த்துப் பயப்படுறது நம்ம வயசானவங்கதான்.

2022 ஜூலை 31 நள்ளிரவு தாண்டி, சரவாக் வானத்தில் நெருப்புக் கோடுகள் போனது ஞாபகம் இருக்கா? அது சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட். விண்வெளி நிலையத்துக்குப் பாகம் ஏற்றிப்போன ஒரு வாரத்தில் கீழே இறங்கி, காற்றில் உரசி எரிந்தது. எரிநட்சத்திரம் பெரும்பாலும் ஓரிரு நொடியில் மறையும். ராக்கெட் துண்டுகள் மெதுவா, கூட்டமா நகரும்.

கிரகணத்தையே முன்கூட்டிக் கணக்குப் போட்டுப் பஞ்சாங்கத்தில் எழுதினவங்க நம்ம முன்னோர். கோயில் தொண்டர்கள் நாங்க கேட்டுக்கிறது இதுதான்: அர்ச்சனைச் சீட்டை அன்போடு வாங்குங்க, பயத்தில் வாங்காதீங்க. வந்த செய்தியை விசாரிக்காம அனுப்பாதீங்க. முருகா சரணம்.